பேர் பதிதல்: மலையகக் குடும்ப வரலாறும் கணினிப் பதிவு வடிவங்களும்

குடும்ப வரலாறு என்பது நெடுங்காலமாக உடைமையாளரின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும் காணி உறுதிகளும் ஒரு குடியின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நின்றன. காணி கைமாறும்பொழுது பாட்டன் பெயரும் பூட்டன் பெயரும் எழுத்தில் வந்தேயாக வேண்டும். காணியற்றவனுக்கு அத்தேவை எழவில்லை. ஆதலின் அவனுக்குக் கொடிவழி எழுதுவாரும் இலர்.

கம்பளையிலிருந்து புசல்லாவை, தவலந்தென்னை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் தெருவிலே, நீர்வீழ்ச்சியாலும் கணவாயாலும் பெயர் பெற்ற இறம்பொடை அமைந்துள்ளது. கோப்பிக் காலத்திலேயே காடழிக்கப்பட்டுப் பின்னர் தேயிலைக்கு மாறிய பகுதி இது. இப்பகுதித் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் வந்துள்ள தலைமுறையினருட் சிலர் இன்று தம் குடும்ப வரலாற்றைத் தேடித் தொகுக்க முற்படுகின்றனர். அவர்கள் முதலிற் கேட்கும் வினா, 'எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்?' என்பதாகும். வினா நியாயமானதே. ஆயின் அது இரண்டாவதாகக் கேட்கப்பட வேண்டியது. தரவு எவ்வடிவத்தில் நிற்கப்போகின்றது, அவ்வடிவம் குடும்பம் என்பதனை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றது என்பதே முதல் வினா. பதிவு வடிவம் எதுவும் வானத்திலிருந்து விழுவதன்று. குறிப்பிட்ட சமூகத் தேவையொன்று அதனைத் தோற்றுவிக்கின்றது. தோட்டத் தொழிலாளரின் வரலாறே இதற்குச் சான்று.

மொறீசியசு, நேற்றால், பீஜி ஆகிய நாடுகளுக்குச் சென்றோர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். ஒப்பந்தம் தனியாளுடன் செய்யப்பட்டது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது; பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியன அதில் இடம்பெற்றன. கரும்புத் தோட்ட முதலாளிக்கு, ஓடிப்போனவனைப் பிடித்துவரத் தேவைப்பட்ட தாள் அது. மொறீசியசின் மகாத்மா காந்தி நிறுவகத்தில் பேணப்படும் அத்தகைய பதிவுகளின் துணையுடன் இன்று பேரப்பிள்ளைகள் தம் பூர்வீகக் கிராமத்தைக் கண்டறிகின்றனர்.

இலங்கைக்கு வந்தோர் நிலை வேறு. இங்கு ஆட்சேர்ப்பு கங்காணி வழியே நிகழ்ந்தது. முற்பணம் கங்காணியினூடாக வந்தது. கடன் அவன் கணக்கில் நின்றது. ஆட்கள் அவன் கூட்டமாக வந்தனர். துரைக்கு வேண்டியிருந்தது தலைகளின் தொகையே. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தோருக்கு ஆள்வாரியான சீட்டு எழுதப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லையில் தோட்டத்தைக் குறிக்கும் குறியும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. மனிதனின் பெயர் இல்லை. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை வழக்கிலிருந்த 'துண்டு' ஆளைவிட அவன் கடனையே முதன்மையாகப் பேசியது. தொழிலாளியின் பெயர் ஒழுங்காக எழுத்தில் ஏறிய இடம் தோட்டத்துச் செக்ரோலாகும். வேலைக்குச் சேர்தலை மலையக மக்கள் 'பேர் பதிதல்' என்றே சொல்வர். ஆனால் செக்ரோலும் பேருக்கு எதிரே நாளையும் கூலியையுமே எழுதியது. எந்த ஊர், யார் பிள்ளை என்பன அதன் கவலையல்ல.

இவ்வாறு கொடிவழி எழுதப்படாத மக்களிடம் 1948இல் அரசு கொடிவழியைக் கேட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவர் தந்தை இலங்கையிற் பிறந்தவராக இருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தாய்வழி கணக்கில் இல்லை. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டமோ 1946 சனவரிக்கு முன்னரான தொடர்ச்சியான வதிவிடத்தை, மணமானோர்க்கு 7 ஆண்டும் ஏனையோர்க்கு 10 ஆண்டுமாக, நிரூபிக்கச் சொன்னது. அச்சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றது. எனினும் 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழகம் சென்று முகாம்களில் வாழ்வோருள் மலையக வழிவந்தோரும் உளர். பாட்டன் எந்தக் கிராமத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனான் என்பது அவர்களுக்கு இன்னும் வழக்குமன்றத்து வினாவாகவே இருக்கின்றது. ஆகவே மலையகக் குடும்ப வரலாற்றைப் பதிவது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என எவரும் கருதிவிடலாகாது. சான்று எது, சொல்கேள்வி எது என்பதைப் பிரித்துக் காட்டாத பதிவு எவ்வளவு அழகிய மரமாக வரையப்பட்டிருப்பினும் இங்கே பயன்படாது.

இப்பின்னணியிலேயே கணினி வடிவங்களை நோக்குதல் வேண்டும். இன்றுள்ள குடும்ப வரலாற்று மென்பொருள்கள் தம்முள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொதுவடிவம் ஜெட்கொம் எனப்படும். பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை 1984இல் அதனை வெளியிட்டது. இறந்த முன்னோர்க்காகச் சடங்குகளை நிறைவேற்றுதல் அத்திருச்சபையின் நம்பிக்கையாதலின், முன்னோரைத் தேடித் தொகுத்தல் அதற்குச் சமயக் கடமையாயிற்று. வடிவத்திலே அச்சடங்குகளுக்கெனத் தனி இடங்கள் உள்ளன. குடியகல்வுக்கு இடமுண்டு, குடிவரவுக்கு இடமுண்டு, பிரசாவுரிமை பெறுதலுக்கும் இடமுண்டு. பிரசாவுரிமை இழத்தலுக்கு இடமில்லை! ஒரு நாட்டில் பிறந்து வளர்ந்து அங்கேயே நாடற்றவராதல் என்பது அவ்வடிவத்தை வகுத்தோரின் வாழ்வனுபவத்தில் இல்லாதது. ஆதலின் அவர்தம் பட்டியலிலும் இல்லை. 'பிற நிகழ்ச்சி' என்னும் பொது இடத்தில் நாமே பெயரிட்டு அதனை எழுதிக்கொள்ளலாம். அவ்வாறு எழுதும்போது ஒரு குழுவில் உள்ளோர் அனைவரும் ஒரே சொல்லைக் கையாளுதல் அவசியம்.

பெயர் பற்றிய இடர்ப்பாடு இதனினும் ஆழமானது. ஜெட்கொம் குடும்பப் பெயரை இரு சாய்கோடுகளுக்கிடையே வைக்கின்றது. நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து. கருப்பையா மகன் முனியாண்டி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கருப்பையா என்பதனைக் குடும்பப் பெயராக இட்டால், அட்டவணை நாட்டிலுள்ள கருப்பையாக்களின் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வம்சமாகச் சேர்த்துவைக்கும். முனியாண்டியின் பிள்ளைகளையோ வேறொரு வம்சமாகப் பிரித்துவிடும். பெண்ணுக்கு மணத்தின் பின் முதலெழுத்தே மாறும். இதற்கு எளிய வழி, குடும்பப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, தந்தை பெயரை உறவு இணைப்பினாலேயே காட்டுதலாகும். கிராம்ப்ஸ் என்னும் மென்பொருளில் தந்தைவழிப் பெயர் என வகைகுறித்து எழுதவும் வசதியுண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும், செக்ரோலில் வேறொருவாறும், கடவுச்சீட்டில் மூன்றாவதொருவாறும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்களை ஒன்றாக்கித் திருத்துதல் கூடாது. ஒவ்வொன்றையும் அது காணப்படும் ஆவணத்தோடு சேர்த்து மாற்றுப்பெயராக எழுதுக. கணக்கப்பிள்ளையின் காதிற் பிழையாக விழுந்த பெயராலேயே பிரசாவுரிமைக் கோரிக்கை நின்றதும் விழுந்ததும் உண்டு.

காலக்குறிப்பு சுவையான ஒரு பகுதி. முதியோர் ஆண்டு சொல்வதில்லை, நிகழ்ச்சி சொல்வர். 'தாது வருஷப் பஞ்சத்திலே வந்த குடும்பம்' என்பது பல இடங்களிற் கேட்கக்கூடிய வழக்கு. தாது 1876–77, தென்னிந்தியப் பெரும்பஞ்சத்தின் ஆண்டு, கோப்பித் தோட்டங்களுக்கு மக்கள் திரளாக வந்த காலம். ஆயின் அறுபதாண்டுச் சுழற்சியில் தாது 1936–37இலும் வருகின்றது. வெறுமனே 'தாது வருஷம்' என்று மட்டும் சொல்லப்பட்டிருப்பின், தலைமுறைகளை எண்ணித்தான் எந்தத் தாது எனத் துணிதல் வேண்டும். 1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கான குடியகல்வைத் தடைசெய்தமையால், இரண்டாவது தாதுவும் எட்டாத காலமன்று. ஜெட்கொம் 1793 முதல் 1805 வரை மட்டுமே வழங்கிய பிரெஞ்சுக் குடியரசுப் பஞ்சாங்கத்தை ஏற்கின்றது. தமிழ் ஆண்டுகளை அறியாது. எனினும் அது 'இதற்கு முன்', 'இதற்குப் பின்', 'இவற்றிற்கிடையே', 'ஏறத்தாழ' என எழுத இடந்தருகின்றது. சொன்னவாறே சொற்றொடரைச் சேர்த்துவைக்கவும் அனுமதிக்கின்றது. 'தாது வருஷப் பஞ்சம்' என்னும் சொற்றொடர் அப்படியே நிற்க, 1876க்கும் 1878க்கும் இடையே என்பது நம் விளக்கமாக அருகில் நிற்கட்டும். விளக்கம் பின்னர் மாறலாம், வாய்மொழி மாறலாகாது. 1973–74இன் உணவுப் பஞ்சம், 1977இன் வன்செயல், 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பியது ஆகியனவற்றைச் சார்த்திச் சொல்லப்படும் பிறப்பு இறப்புகளுக்கும் இம்முறையே பொருந்தும்.

உறவுமுறைக்கு வருவோம். ஜெட்கொம் குடும்பத்தைக் கணவன், மனைவி, பிள்ளைகள் எனும் அலகாக வகுக்கின்றது. நம் மக்களிடையே மாமன் மகளையும் அத்தை மகளையும், சில சமூகங்களில் அக்காள் மகளையும் மணத்தல் வழக்காதலின் ஒரே ஆள் இரு வழிகளில் உறவாவார். வடிவம் இதனைத் தாங்கும். வரைபடமோ அதே ஆளை இருமுறை வரைந்து காட்டக்கூடும். அதுகண்டு ஒருவரை அழித்துவிடுதல் ஆகாது. செவ்வி காண்போர் கவனிக்க வேண்டிய வேறொன்று: 'அப்பா' எனப்படுபவர் பெரியப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். பெற்ற தந்தையா என வினவித் தெளியாமற் கோடு இழுத்தல் தவறு.

இவையாவற்றினும் முக்கியமானது, தோட்டத்து வரலாற்றில் குடும்பத்தினும் வலிமையாக இயங்கிய அலகு கங்காணிக் கூட்டமாகும். ஓரூரிலிருந்து ஒரு கங்காணியின் கீழ் வந்தோர் ஒரே தோட்டத்திலே தங்கினர். அவன் பெயர்ந்தபோது உடன் பெயர்ந்தனர். பெண் கொடுத்தும் எடுத்தும் உறவாயினர். இதனைக் குருதிக் கோடுகளால் மட்டும் காட்டமுடியாது. 2001இல் தொடங்கப்பெற்று இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸில் நிகழ்ச்சி என்பது ஆளினின்றும் தனித்து நிற்கும் பொருளாகும். ஒரே வருகையில் இருபது பேரை இணைத்து, ஒருவரைக் கங்காணி என்றும் மற்றவரைக் கூட்டத்தினர் என்றும் பங்குகுறிக்கலாம். அதனை ஜெட்கொம்முக்கு மாற்றும்போது நிகழ்ச்சி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். யார் யாருடன் வந்தார் என்னும் தொடர்பு அறுந்துபோகும். இவ்வொரு காரணத்துக்காகவே ஆய்வை கிராம்ப்ஸிற் செய்து, அதன் சொந்த எக்ஸ்.எம்.எல். வடிவை மூலப்படியாகவும் ஜெட்கொம்மைப் பரிமாற்றப் படியாகவும் வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைப்பேன். எக்ஸ்.எம்.எல். வெறும் எழுத்துக்கோப்பு, சுருக்கி வைக்கப்பட்டிருப்பினும் விரித்தால் எந்தக் கணினியிலும் திறந்து கண்ணாற் படிக்கலாம். அம்மென்பொருளில் இடங்களுக்கும் படிநிலையும் மாற்றுப்பெயரும் காலவரையறையும் கொடுக்கலாம். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயரொன்றும் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப்பெயர் வேறொன்றுமாக இருத்தல் மலையகத்திற் பொதுநிலை. தமிழகத்து ஊர்களோ மாவட்டம் மாறியுள்ளன. 1948வரை தனிச் சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டை பின்னர் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்து 1974இல் தனிமாவட்டமாயிற்று. பழைய தாளில் உள்ள பெயரை இன்றைய பெயராக மாற்றி எழுதினால், பின்னர் சுவடிக்கூடத்தில் எந்த மாவட்டக் கட்டைக் கேட்பது என்பதே தெரியாமற் போகும்.

ஜெட்கொம்மில் சாதிக்கெனவும் தனியிடம் ஒன்றுண்டு. அதனை நிரப்புவதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு எழும். கங்காணிக் கூட்டங்கள் ஊரையும் சாதியையும் அடிப்படையாகக் கொண்டு திரட்டப்பட்டவை. ஒடுக்கப்பட்ட சாதியினர் தொழிலாளருட் பெருந்தொகையினர். லயத்துக் காம்பிராக்கள் ஒதுக்கப்பட்டதிலும் சாதி தொழிற்பட்டது. இதனை மறைத்து எழுதும் வரலாறு பெரிய கங்காணிக்குச் சாதகமான வரலாறாகும். அதேவேளை, மரத்திலுள்ள ஒவ்வொரு பெயரின் கீழும் சாதியை ஒட்டிவைத்தல் நாளை மணப்பேச்சுக்குத் தரகு வேலை செய்யும். சாதி ஆளுக்குரிய பண்பாக எழுதப்படுதல் வேண்டா. ஆவணம் ஒன்று அவ்வாறு குறித்தது, அல்லது இன்னார் இவ்வாறு சொன்னார் என மூலத்தின் குறிப்பிலேயே நிற்கட்டும். ஆய்வாளன் அங்கே காண்பான். சுவரில் மாட்டும் படத்தில் அது வராது.

எழுத்துரு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லையாயினும் ஓர் எச்சரிக்கை தேவை. இலங்கையில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவே ஆட்சி செய்தது. அதிலே தட்டெழுதப்பட்ட கோப்பு, எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற உரோம எழுத்துகளாகத் தோன்றும். பெயர்களைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் இயலாது. ஆதலின் பழைய கோப்புகளை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே பயன்படுத்துக. ஜெட்கொம்மின் 1999ஆம் ஆண்டைய 5.5.1 பதிப்பில் யூ.ரி.எப்-8 ஒரு தெரிவாக இருந்தது. 2021இல் வந்த 7.0 பதிப்பில் அதுவே கட்டாயம். பழைய பதிப்பில் ஏற்றுமதி செய்வோர் அத்தெரிவைச் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.

விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் கண்ணுக்கினியன. சில மிக வசதியானவையுங்கூட. ஆனால் அவை வணிகச் சரக்குகள், இலாபம் தரும்வரை வாழ்வன. மாஸ்ரர் ஜீனியலொஜிஸ்ற் என்னும், ஆய்வாளர் பெரிதும் மதித்த மென்பொருளை நிறுத்தப்போவதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. ஃபமிலி ற்ரீ மேக்கர் 2015இன் இறுதியில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜெட்கொம்மை வகுத்த திருச்சபையே தன் மென்பொருளை 2013இல் நிறுத்திக்கொண்டது. மூன்று தலைமுறைக்கு எழுதுவோர் மூன்றாண்டுச் சந்தாவை நம்பியிருக்க இயலாது. இணையத்தளங்களில் நேரடியாக மரம் வளர்ப்போர்க்கும் இது பொருந்தும். உயிரோடிருப்போரின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், பிரசாவுரிமைச் சான்றிதழின் இலக்கம் ஆகியன பொதுவெளிக்குச் செல்லலாகாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவைக்கலாம்.

இறுதியாக, மென்பொருளைத் திறப்பதற்கு முன்னரே செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. தோட்டத்து வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் பிறப்புச் சான்றிதழ், பிரசாவுரிமை விண்ணப்பத்தின் படி, நிராகரிப்புக் கடிதம், பழைய கடவுச்சீட்டு என்பன மடிந்து கிடக்கின்றன. மழையும் மண்சரிவும் அறிந்த பிரதேசம் இது, தாள் காத்திருக்காது. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் இலக்கமிட்டு, இருபுறமும் படமெடுத்து, அவ்விலக்கத்தையே கோப்பின் பெயராக வைத்து, கணினியில் அதனை முதலில் மூலமாகப் பதிக. ஆளைப் பதிவது அதன் பின். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்தில் 2007 முதல் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் இத்தகைய பேணல் முயற்சிகளுக்கு முன்மாதிரிகளாக உள்ளன.

இவ்வேலையை இறம்பொடையில் மட்டும் செய்துமுடிக்க இயலாது. 1964இன் ஒப்பந்தம் உடன்பிறந்தாரையே இரண்டாகப் பிரித்தது. அண்ணன் இலங்கைக் குடும்பமாகவும் தம்பி இந்தியக் கடவுச்சீட்டோடு கோத்தகிரியிலோ கூடலூரிலோ உள்ள குடும்பமாகவும் ஆயினர். 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றபின் கடிதத் தொடர்பும் பல குடும்பங்களில் அறுந்தது. நீலகிரியிலுள்ள உறவினர் தம் பகுதியைத் தனியே பதிந்து அனுப்புவாராயின் இரு கோப்புகளை இணைக்க நேரும். ஜெட்கொம் ஓர் ஆளுக்கு இடும் இலக்கம் அந்தக் கோப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இங்குள்ள 12ஆம் ஆளும் அங்குள்ள 12ஆம் ஆளும் வேறு வேறானவர்கள். ஆதலின் தொடக்கத்திலேயே இறம்பொடைத் தாள்களுக்கு ஒரு முன்னெழுத்தும் நீலகிரித் தாள்களுக்கு வேறொரு முன்னெழுத்தும் எனத் தம்முள் வகுத்துக்கொள்ள வேண்டும். பாட்டனின் பெயர் இரு கோப்புகளிலும் வேறு வேறாக எழுதப்பட்டிருக்கும். பிறந்த ஆண்டும் ஒத்துவராது. இணைத்தவுடன் ஒன்றை அழித்துவிடாமல், இரண்டையும் அவற்றின் தாள் இலக்கத்தோடு அருகருகே வைத்து, கங்காணியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் பொருந்துகின்றனவா என்று நோக்குக. அவை பொருந்துமாயின் பெரும்பாலும் அவர் ஒருவரே.